சோனாகாச்சி காட்டிய வழி

எச்.ஐ.வி. பரவுவதை ஆணுறை தடுக்கும் என்பது ஆய்வுகள் நிறுவிய உண்மை. அதனை மக்களின் நடைமுறையாக்குவதோ வேறொரு பணி. 1992ஆம் ஆண்டு கொல்கத்தாவின் சோனாகாச்சிப் பகுதியில் மருத்துவர் ஸ்மரஜித் ஜனா இப்பணியைத் தொடங்கினார். அங்கு வாழ்ந்த பாலியல் தொழிலாளர்களுள் சிலரே பயிற்சி பெற்று, பச்சை மேலங்கி அணிந்து, வீடுவீடாகச் சென்று நோய்த்தடுப்பை விளக்கினர். வெளியார் கூறினால் ஐயுறும் பெண்கள், தம்முள் ஒருத்தி கூறியபோது செவிமடுத்தனர்.

எனினும், அறிந்திருந்தும் பலரால் அதனைப் பின்பற்ற இயலவில்லை. ஆணுறையை மறுக்கும் வாடிக்கையாளரைத் திருப்பியனுப்பினால் அன்றைய வருவாய் போய்விடும். வட்டிக்குக் கடன் கொடுத்தவரோ வாசலில் நிற்பார். என்றோ வரக்கூடிய நோயைவிட இன்றைய கடனே பெரிதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆகவே, 1995ஆம் ஆண்டு அப்பெண்கள் 'உஷா' என்னும் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். உறுப்பினர் நல்லொழுக்கம் உடையவராதல் வேண்டும் என்ற சட்டவிதி பதிவுக்குத் தடையாக நின்றது. இல்லத்தரசிகள் எனப் பதிந்துகொள்ளலாமே என்று கூறப்பட்டதை அவர்கள் ஏற்கவில்லை. பாலியல் தொழிலாளர் என்னும் அடையாளத்துடனேயே போராடிப் பதிவு பெற்றனர். சங்கம் அவர்களின் சேமிப்பைக் காத்தது. குறைந்த வட்டிக்குக் கடனும் வழங்கியது. அதன்பின், ஆணுறை வேண்டாமென்ற வாடிக்கையாளரைத் திருப்பியனுப்புவது எளிதாயிற்று.