கூவத்தூர்: ஒரு முதல்வர் நாற்காலியின் கணக்கு

ஈசிஆர்ல மாமல்லபுரம், கல்பாக்கம் தாண்டிப் போனா கூவத்தூர் வரும். 2017 பிப்ரவரியில நாம எல்லாம் ஸ்கூல் பசங்க. டிவியில அந்த ரிசார்ட் வாசலையே திரும்பத் திரும்பக் காட்டினது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். உள்ளே என்ன கணக்கு ஓடுச்சு?

கதையின் நாயகர் ஓ.பன்னீர்செல்வம். மூன்று முறை முதல்வர். 2001-லயும் 2014-லயும் நீதிமன்றத் தீர்ப்புகளால் ஜெயலலிதா பதவி இழந்தப்போ அந்த இடத்துக்கு வந்தார். அவர் திரும்பி வந்ததும் விலகினார். மூன்றாவது முறை, 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்த பிறகு. வந்த வாரமே வர்தா புயல். அடுத்த மாதம் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். நம்ம சீனியர்கள் பலர் அங்கே உட்கார்ந்திருந்தாங்க.

பிப்ரவரி 5: கட்சி எம்.எல்.ஏ.க்கள் சசிகலாவைத் தலைவராகத் தேர்ந்தெடுக்க, இவர் ராஜினாமா செய்தார். 7-ஆம் தேதி இரவு ஜெயலலிதா சமாதியில் தியானம் செய்துவிட்டு, 'கட்டாயப்படுத்தித்தான் ராஜினாமா வாங்கினாங்க'ன்னு சொன்னார். ஆனா ஆளுநர் கடிதத்தை ஏற்கனவே ஏத்துக்கிட்டாச்சு. மறுநாளே எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூருக்குப் போனாங்க.

ஏன் ரிசார்ட்? ஒரு அரசுக்குப் பெரும்பான்மை இருக்கான்னு சட்டமன்றத்துக்குள்ளதான் சோதிக்கணும்னு 1994-ல எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. மொத்தம் 234 இடம், ஆர்.கே.நகர் காலி. மீதி 233-ல் 117 தேவை. அந்த ஒரு நாள் எண்ணிக்கை கலையாம இருந்தா போதும்.

14-ஆம் தேதி சொத்துக்குவிப்பு வழக்கில் சசிகலாவின் தண்டனை உறுதியானது. அன்னைக்கே கூவத்தூரில் எடப்பாடி பழனிசாமி தேர்வானார். 16-ல் முதல்வர் ஆனார். 18-ஆம் தேதி வாக்கெடுப்பு. ரகசிய வாக்கெடுப்புக் கோரிக்கையை சபாநாயகர் ஏற்கலை. திமுகவினர் வெளியேற்றப்பட்டாங்க, காங்கிரஸ் வெளிநடப்பு. முடிவு: ஆதரவு 122, எதிர்ப்பு 11.

முக்கியமான விஷயம் இதுக்கு அப்புறம்தான். எதிர்த்து ஓட்டுப் போட்ட 11 பேரும் எம்.எல்.ஏ.க்களாகவே நீடிச்சாங்க, ஆகஸ்டில் அணிகள் இணைஞ்சு, பன்னீர்செல்வம் துணை முதல்வரே ஆனார். அதே மாதம் முதல்வர் மேல நம்பிக்கை இல்லைன்னு ஆளுநர்கிட்ட கடிதம் கொடுத்த 18 பேர் செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்யப்பட்டாங்க. 2018-ல உயர் நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சது. காரணம், கட்சித்தாவல் தடைச் சட்டப்படி முதலில் முடிவெடுக்கிறவர் சபாநாயகர். எத்தனை நாளுக்குள்ள முடிவெடுக்கணும்னு சட்டத்தில் இல்லை.

சூடானில் பிரதமர் அப்தல்லா ஹம்தோக்கை 2021 அக்டோபரில் ராணுவம் வீட்டுக்காவலில் வைத்தது. நவம்பரில் திரும்ப உட்கார வைத்தது. 2022 ஜனவரியில் அவரே விலகினார். அங்கே முடிவு பண்ணினது துப்பாக்கி. இங்கே துப்பாக்கி இல்லை, தலை எண்ணிக்கைதான். அது பெரிய விஷயம்தான். ஆனா அந்தத் தலைகளை அங்கே அனுப்பினது நம்ம வீட்டு ஓட்டு. அடுத்த தடவை எங்கேயாவது ரிசார்ட் வாசல்ல கேமரா நின்னா, உள்ளே எத்தனை பேருன்னு மட்டும் பார்க்காதீங்க. சபாநாயகர் மேஜையில் எந்த மனு எத்தனை நாளா கிடக்குதுன்னும் பாருங்க.