காற்றறிந்து பட்டம் பிடிப்போம்



பட்டம் விடுவது நம் தோட்டப் பிள்ளைகளுக்குப் புதிதன்று. கிளந்தான் மாநிலத்து ‘வாவ்’ பட்டத்தின் உருவம் நம் நாட்டு விமானத்தின் வாலிலேயே இருக்கிறது. காற்றை நூலால் கட்டி ஆளும் இந்த விளையாட்டு இப்போது கடலிலும் இறங்கியிருக்கிறது. காலடியில் ஒரு பலகை, இடுப்பில் ஒரு வார்க்கச்சை, தலைக்கு மேலே பெரியதொரு பட்டம். பட்டம் இழுக்க, மனிதர் நீரின்மேல் சறுக்கிச் செல்கிறார். ‘கைட் சர்ஃபிங்’ எனப்படும் இதனை நாம் பட்டச்சறுக்கு என்று அழைப்போம்.

பிரான்சு நாட்டைச் சேர்ந்த லெகென்யூ சகோதரர்கள், நீரில் விழுந்தாலும் மூழ்காமல் மீண்டும் எழும்பக்கூடிய, காற்றடைத்த பட்டத்திற்கு 1984ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இது முதன்முறையாகப் போட்டியாக நடைபெற்றது. நம் அண்டை நாடான சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர், 17 வயதிலேயே அதில் வெண்கலப் பதக்கம் வென்றார். ஆகவே இளையோருக்கு இதில் ஆசை பிறப்பது இயல்பே.

நம்மவர்கள் விடுமுறையில் இராமேசுவரத்திற்கு யாத்திரை போகிறார்கள், இலங்கைக்கும் போய்வருகிறார்கள். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலும், இலங்கையில் புத்தளத்தை அடுத்த கற்பிட்டியிலும் பட்டச்சறுக்குப் பயிற்சி நடைபெறுகிறது. அங்கே போய் நின்றதும், “நாமும் ஒருமுறை பார்ப்போமே” என்று தோன்றலாம். பணத்தைக் கொடுத்து நீரில் இறங்குமுன் அறிய வேண்டியவற்றை இன்று காண்போம்.

முதலில், பட்டத்தின் வலிமை. நாம் திடலில் விடும் பட்டம் கையளவு காகிதம். இதுவோ ஏழு முதல் பதினான்கு சதுர மீட்டர் பரப்புள்ள துணி. அதாவது சிறிய அறையொன்றின் தரை அளவு. இருபது மீட்டருக்கு மேல் நீளமுள்ள உறுதியான கயிறுகள், பெரும்பாலும் நான்கு, அதனை மனிதரோடு பிணைக்கின்றன. இங்கே ஒரு கணக்கை மறக்கக் கூடாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்றில் இதமாக இழுத்த பட்டம், 40 கிலோமீட்டர் காற்றில் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். திடலில் நூல் அறுந்தால் பட்டம் மட்டும் போகும். இங்கோ பட்டத்தோடு நாமும் போவோம்.

அதனால்தான் இந்தக் கலையின் முதற்பாடம் பிடிப்பதன்று, விடுவது. மனிதருக்கு அச்சம் வந்தால் கையில் இருப்பதை இறுகப் பற்றி நெஞ்சோடு இழுத்துக்கொள்வது இயல்பு. பட்டச்சறுக்கில் கையில் இருப்பது ஒரு பிடிகம்பு. அதனை உடலை நோக்கி இழுத்தால் பட்டத்தின் இழுவிசை கூடும், தள்ளிவிட்டால் குறையும். அஞ்சிப் பற்றுகிறவர், தம்மை இழுத்துச் செல்லும் விசையைத் தாமே பெருக்கிக்கொள்கிறார்!

விடுவதற்கு மூன்று படிகள் உண்டு. ஒன்று, பிடிகம்பைக் கைவிடுவது. இதிலேயே பட்டத்தின் வேகம் பெரிதும் தணியும். போதாவிட்டால் இரண்டாவது, கச்சையின் முன்புறமுள்ள அவசர விடுவிப்பைத் தள்ளுவது. பட்டம் ஒரே கயிற்றில் தொங்கித் தளர்ந்து விழும். அப்போதும் இழுத்தால் மூன்றாவது, அந்தக் காப்புக் கயிற்றையும் கழற்றிப் பட்டத்தை முற்றாக விட்டுவிடுவது. பட்டம் போனால் போகட்டும். விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இம்மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குக் கரையிலேயே பழக வேண்டும். இதைக் கற்பிக்காமல் நீரில் இறக்குகிறவரிடம் நாம் கற்க வேண்டியது எதுவும் இல்லை.

அடுத்தது, காற்றின் திசை. கடலிலிருந்து கரையை நோக்கிச் சாய்வாக வீசும் காற்றே தொடக்கக்காரருக்கு ஏற்றது. தவறினாலும் அது நம்மைக் கரையில் கொண்டுவந்து சேர்க்கும். நேராகக் கரையை நோக்கி வீசும் பலத்த காற்று மரத்திலோ சுவரிலோ மோதவைக்கும். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றோ எல்லாவற்றிலும் கொடியது. அது ஆளை ஆழ்கடலுக்குக் கொண்டுபோகும்.

இராமேசுவரத்தைப் பாருங்கள். தீவின் தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக்கு விரிகுடா. அலை மிகுந்த தென்புறத்தை ஆண்கடல் என்றும், அமைதியான வடபுறத்தைப் பெண்கடல் என்றும் அவ்வூரார் சொல்வதுண்டு. சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பெண்கடல் தட்டையாக, குளம்போலத் தெரியும். புதியவருக்கு அதுவே நல்ல இடமாகத் தோன்றும். ஆனால் அங்கே காற்று நிலத்தைக் கடந்து கடலுக்குள் வீசுகிறது! வாடைக்காற்றுக் காலத்தில் இதே நிலை தென்கரைக்கு மாறுகிறது. நீரின் அமைதியை மட்டும் பார்த்து இடத்தைத் தேர்ந்துகொள்ளக் கூடாது. மீட்புப் படகு காத்திருக்கிறதா என்று கேட்டறிந்த பின்னரே அத்தகைய இடத்தில் இறங்கலாம்.

கற்பிட்டியில் கடலுக்கும் களப்புக்கும் இடையே மணல்திட்டு கிடக்கிறது. ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை சோளகக் காற்று தடையின்றி வீசும். களப்பின் ஆழமற்ற நீரில் விழுந்தவர் பல இடங்களில் எழுந்து நிற்கலாம். தொடக்கக்காரர்கள் அங்கே நாடிச் செல்வதற்கு இதுவே காரணம்.

நம் மலாக்காக் கடலில் ஏன் பழகக் கூடாது என்று கேட்கலாம். ஒருபுறம் சுமத்ராவும் மறுபுறம் தீபகற்பமும் பருவக்காற்றைத் தடுப்பதால் இங்கே பெரும்பாலும் காற்று மெலிவு. ஆனால் ‘சுமத்ரா’ என்றே பெயர்பெற்ற திடீர்ப் புயற்காற்று, கருமேகத்தோடு நீரிணையைக் கடந்து வருவதும் உண்டு. எந்தக் கடலானாலும், அடிவானம் கறுத்தால் பட்டத்தை இறக்கிவிட வேண்டும். மழை வரட்டும் பார்ப்போம் என்று காத்திருக்கலாகாது; மழைக்கு முன்பே காற்று வந்துவிடும்.

இனி, கற்போரின் ஆயத்தம். நீந்தத் தெரியாதவர் முதலில் நீச்சல் கற்க வேண்டும். நம் தோட்டப் பிள்ளைகளில் பலருக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை என்பதால் இதனை அழுத்திச் சொல்கிறோம். மிதவைச் சட்டை நீச்சலுக்குத் துணையே அன்றி மாற்று ஆகாது. தலைக்கவசமும் அணிய வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. இறுகினால் விரலை அறுத்துவிடும்.

ஒரே நாளில் பலகைமேல் நின்றுவிடலாம் என்று எண்ணவேண்டாம். முதலில் கரையில் சிறு பட்டம்; பிறகு பலகையின்றி நீரில் பட்டத்தால் இழுபடும் பழக்கம்; அதன் பின்னரே பலகை. பலருக்கு இதற்குப் பத்து மணி நேரமேனும் தேவைப்படுகிறது. காற்று வீசாத நாளும் வரும். ஆகவே மூன்று நாள் பயணத்தில் இதனை முடித்துவிடத் துடிப்பது வீண் ஏமாற்றம். அந்தத் துடிப்பே தகாத காற்றில் இறங்கத் தூண்டும்.

பணம் செலுத்துமுன் பயிற்றுநரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள். ஐ.கே.ஓ. போன்ற அனைத்துலக அமைப்பின் சான்றிதழ் உண்டா? இன்று காற்று எத்திசை, எவ்வளவு வேகம்? மீட்புப் படகு எங்கே? ஒருவருக்கு எத்தனை மாணவர்கள்? காற்று வீசாவிட்டால் பணம் திரும்புமா? நல்ல ஆசிரியர் கேள்விக்குச் சினம் கொள்ளமாட்டார். “இன்றைக்குக் காற்று சரியில்லை, நாளை வாருங்கள்” என்று தம் வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொல்பவர் எவரோ, அவரிடம் நம் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கலாம்.