உங்களுக்குத் தெரியுமா? காதில் ஓர் எண், ஏட்டில் ஒரு வம்சம்

இங்கிலாந்தில் சின்னதாக ஒரு நிலம் வாங்கி நாலு செம்மறி ஆடு வளர்க்க ஆசையா? ஆட்டுக்கு முன்னால் நிலத்துக்கு எண் வாங்க வேண்டும். மொத்தம் ஒன்பது இலக்கம். முதல் இரண்டு மாவட்டத்தையும் அடுத்த மூன்று ஊரையும் கடைசி நான்கு அந்த நிலத்தையும் குறிக்கும். கட்டணம் கிடையாது. ஆடு வந்து சேர்ந்த 30 நாளுக்குள் வளர்ப்பவர் தன் பெயரைக் கால்நடைத் துறையில் பதிந்து, மந்தைக்கென்று ஆறு இலக்க எண் ஒன்றும் வாங்கிக்கொள்ள வேண்டும். கொல்லையில் செல்லமாக வளர்க்கும் ஒற்றை ஆட்டுக்கும் இதே சட்டம்தான்.

*

அந்த மந்தை எண்தான் காது வில்லையில் ஏறுகிறது. முதலில் ‘யுகே’, பிறகு ஒரு சுழியம், மந்தையின் ஆறு இலக்கம், கடைசியில் அந்த ஆட்டுக்கு மட்டுமே உரிய ஐந்து இலக்கம். ஓராண்டுக்கு மேல் வைத்திருக்கப்போகும் ஆட்டுக்கு இரண்டு அடையாளம் வேண்டும், இரண்டிலும் ஒரே எண். அவற்றில் மஞ்சள் வில்லைக்குள் ஒரு சில்லு இருக்கும். அதில் பேட்டரி இல்லை. படிக்கும் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால், அது அனுப்பும் அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லிவிடும்.

*

இரவில் கொட்டகையில் அடைக்கும் குட்டிக்கு ஆறு மாதத்துக்குள் வில்லை போட வேண்டும். வெளியிலேயே கிடப்பதற்கு ஒன்பது மாதம். அதற்கு முன்பே பிறந்த இடத்தை விட்டுக் கிளம்பினால், கிளம்பும் முன் போட்டாக வேண்டும்.

*

இத்தனை கெடுபிடி ஏன்? 2001 பிப்ரவரியில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில், ஓர் இறைச்சிக் கூடத்துக்கு வந்த பன்றிகளிடம் கோமாரி நோய் தெரிந்தது. அதற்குள் வடக்கே ஹெக்ஸம், லாங்டவுன் சந்தைகள் வழியாக நோய் தொற்றிய ஆடுகள் நாடு முழுக்கப் பரவிவிட்டன. எந்த ஆடு எந்தப் பண்ணைக்குப் போனது என்று தேடுவதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. கொன்று புதைத்ததும் எரித்ததுமாக 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் போயின. நோயே தொற்றாத மந்தைகளும் அதில் அடக்கம். ஆறு தலைமுறையாகக் காத்து வந்த மந்தையை ஒரே பகலில் பறிகொடுத்தவர்களை நினைத்தால், ஆட்டுக்கு எதற்கு இத்தனை காகிதம் என்று கேட்க வாய் வராது. 2009 டிசம்பர் 31-க்குப் பின் பிறந்த ஆடுகளுக்கு மின்னணு அடையாளம் கட்டாயமானதற்கு 2001-இன் பாடமும் ஒரு காரணம்.

*

வெளியிலிருந்து ஒரு செம்மறி ஆடு வந்துவிட்டால், அந்த நிலத்திலிருக்கும் ஆடு மாடுகளை பொதுவாக ஆறு நாளைக்கு வேறெங்கும் அனுப்பக் கூடாது. சந்தையில் ஆடு வாங்கிய கையோடு இன்னொன்றை விற்றுவிடலாம் என்று புதியவர்கள் போட்ட கணக்கு பல முறை இங்கேதான் இடறுகிறது.

*

வில்லை போடும் இடத்தைக் கவனியுங்கள். குட்டியின் தலையை முழங்காலோடு அணைத்துப் பிடித்து, காதை வெளிச்சத்துக்கு எதிரே விரித்தால் இரத்தக் குழாய்கள் தெரியும். குழாயிலும் படாமல், குருத்தெலும்பு மேட்டிலும் ஏறாமல், காதின் அடியை ஒட்டிய மூன்றில் ஒரு பாகத்துக்குள் வில்லை இறங்க வேண்டும். நுனியில் போட்டால் வேலியில் மாட்டிக் கிழியும். காது வளர இடம் விடாமல் இறுக்கிப் போட்டால் புண்ணாகும். ஈ மொய்க்கும் கோடை நாட்களைத் தவிர்த்து, குளிர்ந்த காலை வேளையில், மருந்து தடவிய கருவியால் ஒரே அழுத்து. குட்டி தலையை இரண்டு முறை உதறிவிட்டு நேரே தாயின் மடிக்கு ஓடும்.

*

வில்லை விழுந்துவிட்டால்? கண்ணில் பட்ட 28 நாளுக்குள் மாற்ற வேண்டும்.

*

இதுவரை சொன்னது அரசாங்கத்துக்கு. வில்லை ஆடு எங்கே பிறந்தது என்று சொல்லுமே தவிர, யாருக்குப் பிறந்தது என்று சொல்லாது. அதைச் சொல்வது இனச் சங்கத்தின் வம்சாவளிப் பதிவேடு. இதில் பதிய யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் பதியாமல் விட்டால் எவ்வளவு சுத்தமான இனமானாலும் சந்தையில் அது வெறும் ஆடுதான்.

*

இந்த வழக்கத்தில் முந்திக்கொண்டவை ஷ்ராப்ஷயர் செம்மறிகள். 1882-ல் சங்கம், 1883-ல் முதல் பதிவேடு. அதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே லெஸ்டர்ஷயர் மாவட்டத்து டிஷ்லி பண்ணையில் ராபர்ட் பேக்வெல் தேர்ந்தெடுத்த கிடாக்களைப் பருவத்துக்கு வாடகைக்கு விட்டுப் பேர் வாங்கினார்; எதை எதோடு சேர்த்தார் என்பதைக் கடைசி வரை தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார். பதிவேடு அந்த ரகசியத்தைப் பொதுச்சொத்தாக்கியது. என் கணக்கில் பேக்வெல்லின் கிடாக்களைவிட இதுதான் பெரிய சாதனை.

*

வில்லைக்கு முன்னால் காதையே வெட்டி அடையாளம் வைத்தார்கள். லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் ஒவ்வொரு பண்ணைக்கும் தனி வெட்டு, முதுகில் தனி வண்ணப் பூச்சு. இன்னார் ஆட்டுக்கு இன்ன குறி என்று படம் போட்ட மேய்ப்பர் கையேடு 1817-லேயே அச்சாகிவிட்டது. வழி தவறி வந்த ஆட்டை அதைப் பார்த்து உரியவரிடம் சேர்த்தார்கள்.

*

அதே மலைகளில் ஹெர்ட்விக் ஆடு வளர்த்தவர்தான் குழந்தைகளுக்குப் பீட்டர் முயல் கதை எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர். அவர் பண்ணைகளையும் 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிவைத்தார். ஹெர்ட்விக் மந்தைகளும் கூடவே தொடர வேண்டும் என்பது அவர் விருப்பம்.

*

வம்சாவளி வேண்டுமென்றால் ஒரு கூட்டத்துக்கு ஒரே கிடா. அதன் நெஞ்சில் வண்ணக்கட்டி பொருத்திய பட்டையைக் கட்டிவிடுவார்கள். எந்தப் பெட்டையோடு சேர்ந்ததோ அதன் பின்புறத்தில் நிறம் ஒட்டும். சுமார் 17 நாளுக்கு ஒருமுறை நிறத்தை மாற்றுவார்கள். முதல் நிறத்தின் மேல் இரண்டாவது நிறமும் ஏறியிருந்தால், முதல் முறை சினை பிடிக்கவில்லை என்று பொருள். ஏறத்தாழ 147 நாள் கழித்துக் குட்டி விழுந்ததும் தாய்க்கும் குட்டிக்கும் விலாவில் ஒரே எண்ணைப் பூசிவிடுவார்கள். ஒரே இரவில் மூன்று பெட்டைகள் ஈன்றால், விடியும்போது எந்தக் குட்டி எதனுடையது என்ற குழப்பத்துக்கு இடமில்லை.

*

ஸ்காட்லாந்தின் வடக்கே நார்த் ரொனால்ட்சே தீவில் 1832-ல் தீவைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பி, ஆடுகளைக் கடற்கரைப் பக்கம் தள்ளினார்கள். அன்று முதல் அவை பெரும்பாலும் கடற்பாசியைத் தின்றே வாழ்கின்றன. தாமிரம் இவற்றுக்கு எளிதில் நஞ்சாகும். ஆகவே வாங்கி வளர்ப்பவர் தீவனத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஓர் எண்ணெய்க் கசிவோ ஒரு நோயோ வந்தால் இனமே போய்விடுமே என்று, 1973-ல் தொடங்கிய அரிய இனங்கள் காப்பு அறக்கட்டளை லிங்கா ஹோம் என்ற இன்னொரு தீவில் அடுத்த ஆண்டே ஒரு மந்தையைக் குடியேற்றியது.

*

புதிதாக ஆடு வாங்குபவர் தவறாமல் பார்க்க வேண்டியது: சான்றிதழிலுள்ள எண்ணும் காதிலுள்ள எண்ணும் ஒன்றுதானா? விற்றவர் தன் பெயரிலிருந்து உங்கள் பெயருக்குச் சங்கத்தில் மாற்றிக் கொடுத்தாரா? மாற்றாமல் விட்டால் பிறக்கும் குட்டிகளைப் பதிவதும் சிக்கலாகிவிடும். பணம் கைமாறும் அன்றே கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.

*

இங்கிலாந்தின் சௌத்டவுன் இனத்து இரத்தம் நம் மலையிலும் ஓடுகிறது. கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சௌத்டவுன் ஆகியவை கலந்து 19-ஆம் நூற்றாண்டில் உருவானதுதான் நீலகிரிச் செம்மறி. ஆனால் எந்த இனம் எந்த அளவில் கலந்தது என்பதற்குக் கணக்கு இல்லை. அன்றைக்கு எழுதிவைத்தவர் இல்லை. இன்று எண்ணிக்கை குறைந்துபோன அந்த இனத்தை ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் காத்துவருகிறது. நீலகிரி ஆடு வளர்ப்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். குட்டி பிறந்த தேதி, தாய், தகப்பன் கிடா: இந்த மூன்றை மட்டும் எழுதிவரச் சொல்லுங்கள்.