படகு எஞ்சினின் வேகக் குறைவும் பரிகாரமும்

திருவிடந்தைக் கிராமத்திற்குக் கிழக்கே கடலும், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் அமைந்துள்ளன. நித்தியகல்யாணப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற இவ்வூரிலும், வடக்கே கோவளம் முதல் தெற்கே மாமல்லபுரம் வரையிலும், உழவும் மீன்பிடித் தொழிலும் அடுத்தடுத்து நடைபெறுகின்றன. இக்கரையின் பெரும்பாகத்தில் படகுகள் மணலிலிருந்தே கடலில் இறங்கி, மணலிலேயே கரையேறுகின்றன. அலை உடையும் இடத்தைக் கடக்கும் சில விநாடிகளில் எஞ்சின் முழு வேகம் கொடாவிடில், படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழ நேரிடும். ஆகையால் வேகக் குறைவு என்பது எண்ணெய்ச் செலவைப் பற்றிய விஷயம் மட்டுமன்று, உயிரைப் பற்றியதுமாகும்.

நிலமுடையோருக்கு இது புறம்பான செய்தியன்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சினால் நீரிறைக்கும் சோதனைகளை நடத்தினார். செங்கற்பட்டு ஜில்லாவில் அன்று கிணற்று மேட்டில் ஏறிய எஞ்சின், பிற்காலத்தில் கடலிலும் இறங்கிற்று. 2004 டிசம்பர் 26-இல் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், எஞ்சின் பூட்டிய பைபர் படகுகள் இக்கரையில் மிகுந்தன. இறைவை எஞ்சினுக்கும் படகின் டீசல் எஞ்சினுக்கும் அடிப்படை ஒன்றே. ஒன்றின் குறையை அறிந்தவர் மற்றதன் குறையையும் எளிதில் அறியலாம்.

குறைந்தது எதன் வேகம்?

எஞ்சினைக் கழற்றுமுன், குறைவு எஞ்சினிலா அல்லது படகிலா என்று பிரித்தறிதல் வேண்டும். எஞ்சின் உரக்கச் சுழன்றும் படகு நகரவில்லையெனில், எஞ்சின்மீது குற்றமில்லை. விசிறியின் பிடிப்பு வழுக்குகிறது, அல்லது அதன் இலை உடைந்துள்ளது. பெல்ட் வழுக்கும்போது எஞ்சின் ஓடியும் பம்பு நீர் தராதிருப்பதைப் போன்றதே இது.

எஞ்சினே தளர்ந்து சுழன்றால், சுமையை நீக்கிப் பார்த்தல் வேண்டும். கியர் உள்ள எஞ்சினை நடுநிலையில் வைக்கலாம்; நீண்ட தண்டுள்ள எஞ்சினில் விசிறியை நீருக்கு மேலே தூக்கலாம். அச்சமயம் விசிறியின் அருகில் ஒருவரும் நிற்றலாகாது. எஞ்சினில் அடித்துள்ள தகட்டில் கண்ட வேகத்தைச் சுமையின்றியும் எட்டாவிடில், ஆக்சிலேட்டர் கம்பியை முதலில் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் துருப்பிடித்த கம்பி, நெம்புகோலைக் கடைசிவரை இழுப்பதில்லை. இது சில நிமிடங்களில் தீரும் வேலை. ஆயினும் இதைப் பாராமல் எண்ணெய் செலுத்தும் பம்பைப் பிரித்துப் பொருள் இழப்போர் உண்டு.

புகை அறிவிக்கும் செய்தி

சுமையின்றி முழு வேகம் காட்டி, சுமையேறியதும் தளரும் எஞ்சினில் புகையைக் கவனித்தல் வேண்டும்.

கரும்புகை கண்டால், எண்ணெய் போதிய அளவு செல்கிறது. ஆனால் அது முற்றிலும் எரியவில்லை என்பது பொருள். சுமை மிகுதி, காற்றுக் குறைவு, நாசில் பழுது ஆகிய மூன்றில் ஒன்று காரணமாகும். படகை இலேசாக்கியதும் புகை நின்றால், குறை சுமையிலேயே உள்ளது. நிற்காவிடில், காற்று வடிகட்டியையும் புகைக் குழாயையும் துப்புரவு செய்தபின் நாசிலைச் சோதிக்கலாம்.

புகை மிகாமலே வேகம் தளர்ந்தால், எண்ணெய் போதாமையே பெரும்பாலும் காரணம். நீலப்புகை மசகெண்ணெய் எரிவதைக் காட்டும். இதற்குத் தேர்ந்த மெக்கானிக்கை அழைத்தலே தக்கது.

சுமையால் வரும் குறை

அறுந்த நைலான் வலை விசிறியின் தண்டில் சுற்றிக்கொள்வது சாதாரணம். இலையின் ஓரம் மணலில் இடித்து மடிந்திருக்கலாம். அதிக வேகத்தை நாடி, எஞ்சினின் சக்திக்கு மேற்பட்ட பெரிய விசிறியைப் பூட்டுவதும் உண்டு. அது கருதிய பயனுக்கு நேர்மாறாக எஞ்சினை அமுக்கிவிடும். நாட்கணக்கில் நீரிலேயே கட்டிக் கிடக்கும் படகில் பாசியும் கொட்டலசும் படியும். பைபர் படகின் அடைப்பறைகளில் வெடிப்பு வழியாக நீர் புகுந்து, வெளியே தெரியாமலே பாரம் ஏறியிருத்தலும் கூடும்.

எண்ணெயால் வரும் குறை

கரையிலிருந்து புறப்பட்டுச் சிறிது நேரம் நன்றாக ஓடிப் பிறகு தளரும் எஞ்சினில், எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். உடனே வேகம் திரும்பினால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டது என்று துணியலாம். இல்லையேல் வடிகட்டியை மாற்றுதல், தொட்டியின் அடியில் தங்கிய நீரை வடித்தல், வெடித்த குழாய் வழியே புகுந்த காற்றை வெளியேற்றுதல் ஆகியவற்றை இவ்வரிசையிலேயே செய்தல் நலம். டீசலைத் துணியால் வடிகட்டி ஊற்றுவோர், துணி தூசியைத் தடுக்குமேயன்றி நீரைத் தடுக்காது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

சிறு குறைவும் பெரிதே

விசிறியைச் சுழற்ற வேண்டிய சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி மாறும். நிமிஷத்திற்கு 3,000 சுற்றுச் சுழன்ற எஞ்சின், அதே படகில், அதே விசிறியுடன், அதே பாரத்துடன் 2,700 சுற்றே சுழல்வதாகக் கொள்வோம். வேகக் குறைவு பத்தில் ஒரு பங்கே. ஆனால் கிடைக்கும் சக்தி 100-க்கு 73 அளவாகக் குறைந்துவிட்டது. இறைவைப் பம்பிற்கும் ஏறத்தாழ இக்கணக்கே பொருந்தும். ஆகையால் எஞ்சின் புதிதாயிருக்கும்போதே, சுமையோடும் சுமையின்றியும் அதன் வேகத்தை அளந்து குறித்துவைத்தால், பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

எச்சரிக்கை

எஞ்சினை நிறுத்தாமல் விசிறியைத் தொடலாகாது. நாசில் குழாயில் எண்ணெய் கசியுமிடத்தைக் கையால் தடவிப் பார்த்தல் ஆபத்து. அழுத்தம் மிகுந்த அந்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் முத்திரையை உடைத்து வேகம் ஏற்றுதல், எஞ்சினின் ஆயுளைக் குறைப்பதாகும். நீரால் குளிரும் எஞ்சினைக் குளிர்நீரின்றி ஓட்டிப் பார்த்தலும் ஆகாது.

செலவில்லாத சோதனை முதலிலும், சிறு செலவுள்ளது அடுத்தும், எஞ்சினைப் பிரிப்பது கடைசியிலும் வருதல் வேண்டும். கம்பி, விசிறி, படகின் பாரம், தொட்டி மூடி, எண்ணெய் வடிகட்டி, காற்று வடிகட்டி, அதன் பிறகே நாசிலும் பம்பும் என்ற இவ்வரிசையைக் கிராம அலுவலர்கள் எழுதி, படகுகள் ஏறும் கரையிலும் இறைவை எஞ்சின் மிகுந்த ஊர்களிலும் தெரியப்படுத்தினால் பேருதவியாகும். கரையில் கால் மணி நேரம் சோதித்துப் புறப்படும் படகு, அலையின் நடுவில் தளர்ந்து நிற்க நேருவது அரிது.