முதலாளிக்கு யார் கட்டுவது?

2022இல் கடையை மூடி மூன்றாம் மாதம் எனக்கு இருதய சத்திரசிகிச்சை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்திருக்கலாம். காத்திருக்கப் பயந்து தனியாரிடம் போனோம். வருமானமும் இல்லை, காப்புறுதியும் இல்லை. மனைவியின் நகை போனது. மீதிக்குக் கடன்.

பிறகுதான் உறைத்தது. கடைப் பையன்களுக்காக மாதாமாதம் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் கட்டியவன் நான். அதன் அங்கத்தவருக்கு இருதய சத்திரசிகிச்சைக்கு உதவி உண்டு. சுயதொழில் செய்பவரும் சேரலாம். நான் சேரவில்லை. முதலாளியாம்!

ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். எங்கள் அவசரத்தில் அதையும் விசாரிக்கவில்லை.

ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் கடனாளியும் ஒருவர். வருடாவருடம் கொடுத்த கை, நீட்டக் கூசியது. பள்ளி நிர்வாகத்தில் ஒருவர் தானாக வீடு தேடி வந்தார். கடனில் பாதி அப்படித்தான் தீர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ்.