வீடு கட்டுவோர் கூரையைக் கவனியுங்கள்

கரமனை அக்கிரகாரங்களின் பழைய வீடுகளில் ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவே இருந்த காற்று வெயிலைத் தடுத்தது. இன்றைய கான்கிரீட் வீடுகளில் பகலெல்லாம் காய்ந்த தளம் இரவில் அனலை உள்ளே இறக்குகிறது.

இதற்கு வரம்பு கட்டவே மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு 2018 டிசம்பரில் 'இகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித் தொகுப்பை வெளியிட்டது. அதன்படி சுவர், ஜன்னல் வழியே வரும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட்டைத் தாண்டக்கூடாது. கூரை வழியே, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் இறங்கக்கூடாது. வெறும் கான்கிரீட் தளம் இதில் தேறாது. புழுக்கம் மிகுந்த நம் பகுதியில் திறக்கும் ஜன்னல், கதவுப் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும். 600 சதுர அடிக்கு 100 சதுர அடி.

500 சதுர மீட்டர், அதாவது சுமார் 12 சென்ட், அதற்கு மேற்பட்ட மனைகளுக்கே அந்த விதி வகுக்கப்பட்டது. மூன்று சென்ட்டில் கடன் வாங்கிக் கட்டும் குமாஸ்தாவை அது கேள்வி கேட்கவில்லை. ஆனால் மின்கட்டணம் கேட்கும்!

செலவு கூடுமே என்பீர்கள். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் சிக்கன வழி காட்டிச் சென்றார். செங்கல்லை நிறுத்திவைத்து நடுவே பொந்து விட்டுக் கட்டும் 'எலிப்பொறி' சுவரில் கால் பங்குச் செங்கல் மிச்சம். அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். தளத்தின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்தால் சிமென்டும் குறையும், சூடும் குறையும். மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சும், மேற்கு ஜன்னலுக்கு அகலமான சன்ஷேடும் மேலும் உதவும்.

வானம் தோண்டுமுன்பே மேஸ்திரியிடம் இதைப் பேசிவிடுங்கள். தளம் போட்ட பின் மாற்றுவது எளிதல்ல.