கைப்பேசிச் சொல்லுக்கும் பிணை வேண்டும்

பழையனூர் நீலியின் கதையை அறியாதவர்கள் தொண்டை மண்டலத்தில் குறைவு. திருவாலங்காட்டை அடுத்த பழையனூருக்கு வந்த வணிகன் ஒருவனைப் பழிவாங்க, நீலி என்னும் பேய் அவன் மனைவியைப் போல உருமாறி, கள்ளிக் கொம்பைக் கைக்குழந்தையாக ஏந்தி வந்து அழுதது. ஊர் வேளாளர் எழுபது பேரும் அந்த அழுகையை நம்பினர். வணிகனுக்கு ஏதும் நேர்ந்தால் தங்கள் உயிரையே தருவதாக அவனுக்கு வாக்களித்தனர். விடிந்தபோது வணிகன் இறந்து கிடந்தான். சொன்ன சொல் தவறாமல் எழுபது பேரும் தீப்பாய்ந்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலும் இந்நிகழ்ச்சி குறிக்கப்பட்டுள்ளது.

அந்த உழவர்கள் தீர விசாரியாமல் நம்பினார்கள். ஆனால் சொன்ன சொல்லுக்குப் பிணை நின்றார்கள். இன்று கைப்பேசியில் இயங்கும் விவசாய வாட்ஸ்அப் குழுக்களில் விசாரியாமல் நம்புவது நாள்தோறும் நடக்கிறது. சொல்லுக்குப் பிணை நிற்பதுதான் அரிதாகி வருகிறது.

திருவள்ளூர் மாவட்டத்தில் தொழிற்சாலை வேலைக்கும் போய்க்கொண்டு, நெல்லும் கரும்பும் பயிர் செய்யும் குடும்பங்கள் பல உண்டு. வரப்பில் நின்று பக்கத்து வயல்காரரிடம் பேச அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. முறை வேலை முடிந்து வரும் வழியில் கைப்பேசியைப் பார்த்துத்தான் மருந்து வாங்குகிறார்கள். ஆகவே, குழுவில் யாருடைய சொல்லை நம்புவது என்பது ஒரு போக மகசூலையே முடிவு செய்யும் கேள்வியாகி விட்டது.

வானொலி நெல் காட்டிய வழி

முகம் தெரியாதவரின் சொல்லை உழவர்கள் நம்பியது புதிதல்ல. 1960-களில் ஆடுதுறை 27 நெல் தஞ்சைப் பகுதியில் பரவியபோது, திருச்சி வானொலி அதைப் பற்றி இடைவிடாது எடுத்துச் சொன்னது. உழவர்கள் அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர். ஆயினும் வானொலி மட்டும் அந்த நம்பிக்கையை உண்டாக்கவில்லை. காதால் கேட்டதை அருகிலுள்ள வயலில் கண்ணாலும் பார்க்க முடிந்தது.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவிய விதத்தை ரையன், கிராஸ் என்னும் இருவர் ஆராய்ந்து 1943-இல் வெளியிட்டனர். புதிய விதையைப் பற்றிப் பெரும்பாலோர் முதலில் கேள்விப்பட்டது விற்பனையாளர்களிடம். ஆனால் அதைப் பயிரிடத் துணிந்ததில் அக்கம்பக்கத்து விவசாயிகளின் அனுபவத்துக்கே பங்கு அதிகம். துணிந்தவர்களும் முதலில் சிறிதளவு நிலத்தில் விதைத்துப் பார்த்த பிறகே முழு நிலத்துக்கும் சென்றனர். கைப்பேசிக் காலத்துக்கும் இது பொருந்தும்.

ஒரே மஞ்சள், பல காரணம்

"நெற்பயிர் மஞ்சளாகிறது, என்ன செய்யலாம்?" என்று ஒரு படம் குழுவில் வருகிறது. "யூரியா போடுங்கள்" என்று ஒருவர் உடனே பதில் தருகிறார். இந்த விடை சரியாகவும் இருக்கலாம், பயிரைக் கெடுக்கவும் செய்யலாம்.

தழைச்சத்துக் குறைவு என்றால் அடி இலைகள் முதலில் சீராக மஞ்சளாகும். துத்தநாகக் குறைவில், நட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களில் இலைகளில் துருப்பிடித்தாற்போன்ற புள்ளிகள் தோன்றும். இளம் இலையின் நடுநரம்பு அடிப்பகுதியில் வெளிறும். பாக்டீரியா இலைக்கருகலில் நுனியிலிருந்து ஓரங்கள் வழியாக நெளிநெளியாகக் காய்ந்து வரும். துங்ரோ நச்சுயிரி நோயில் இலைகள் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகிப் பயிர் குட்டையாக நின்றுவிடும்; இதைப் பச்சைத் தத்துப்பூச்சி பரப்புகிறது. இலைக்கருகல் கண்ட வயலில் யூரியா இட்டால் நோய் மேலும் முற்றும்.

இலைக்கருகலை வீட்டிலேயே சோதிக்கலாம். நோயுற்ற பகுதியும் பச்சைப் பகுதியும் சேர்ந்தாற்போல் இலையை நறுக்கி, கண்ணாடித் தம்ளரில் உள்ள தெளிந்த நீரில் வைக்க வேண்டும். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற கசிவு இறங்கினால் அது இலைக்கருகலே.

எனவே கேட்பவர் ரகம், நட்ட தேதி, இட்ட உரம், நீர் நிலைமை, வயலில் எவ்வளவு பரப்பில் பாதிப்பு என்பவற்றைச் சேர்த்து எழுத வேண்டும். இலையை மட்டுமின்றி முழுச் செடியையும் வேரோடு படம் எடுத்து அனுப்ப வேண்டும். இவற்றைக் கேட்காமலே மருந்து சொல்பவரின் சொல்லை ஏற்க அவசரப்படக் கூடாது.

தேதியில்லாத செய்தி

வாட்ஸ்அப்பில் ஒருவர் பிறரிடமிருந்து பெற்று அனுப்பும் செய்தியின் மேல் அம்புக்குறி ஒன்று இருக்கும். பல கை மாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி இருக்கும். இரட்டை அம்புக்குறி கண்டால், அனுப்பியவர் நண்பரே ஆனாலும் சொன்னவர் அவர் அல்லர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பழைய செய்திகளும் சுற்றி வருகின்றன. மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசல் 2023-ஆம் ஆண்டு மத்திய அரசின் ஆணையால் தடை செய்யப்பட்டது. தேதியில்லாத பழைய பரிந்துரையில் அதன் பெயர் இன்னும் இருக்கக்கூடும்.

பணம் தொடர்பான செய்தியில் கூடுதல் கவனம் தேவை. பிரதமர் கிசான் திட்டத்தின் 2,000 ரூபாய்த் தவணை பெற இந்தச் செயலியை இறக்குங்கள் என்று வரும் ஏ.பி.கே. கோப்பைத் தொடவே கூடாது. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். கைப்பேசி வழியாக விதை வாங்குவோர் சான்று விதைக்கு உரிய நீல நிற அட்டை, குவியல் எண், காலாவதி நாள், ரசீது ஆகியவற்றைக் கேட்ட பின்னரே பணம் அனுப்ப வேண்டும்.

குழுவில் நம்பிக்கை வளர

1. ஒவ்வொருவரும் பெயர், ஊர், பயிர், பரப்பு ஆகியவற்றைத் தெரிவித்துச் சேர வேண்டும்.

2. யோசனை சொல்பவர் அது தம் வயலில் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா என்று குறிப்பிட வேண்டும்.

3. மருந்து, விதை விற்பவர் தாம் விற்பவர் என்பதை மறைக்கக் கூடாது.

4. யோசனை பெற்றவர் முதலில் ஐந்து சென்ட் அளவில் செய்து பார்த்து, பலனைப் படத்துடன் குழுவில் தெரிவிக்க வேண்டும். பலிக்காததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

5. தவறான யோசனை சொன்னவர், சத்தமில்லாமல் அதை அழித்துவிடாமல், அதே குழுவில் திருத்தம் எழுத வேண்டும். திருத்தியவரை ஏளனம் செய்யாமல் பார்த்துக்கொள்வது குழு நடத்துபவரின் கடமை.

இவற்றுள் ஐந்தாவதே முக்கியமானது. தன் தவறைத் தானே சொல்லித் திருத்துபவரின் அடுத்த சொல்லுக்கு மதிப்பு கூடும். நூறு செய்தி அனுப்பியும் ஒன்றுக்கும் பொறுப்பேற்காதவரின் சொல்லுக்கு அந்த மதிப்பு கிடைக்காது.

குழுவில் கிடைத்த யோசனையில் ஐயம் இருந்தால், பாதிக்கப்பட்ட செடியுடன் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அணுகலாம். டி.கே.எம். 13 உள்ளிட்ட டி.கே.எம். நெல் ரகங்களைத் தந்த நெல் ஆராய்ச்சி நிலையமும் திரூரில்தான் உள்ளது. நேரில் செல்ல இயலாதவர்கள் கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். கேட்டு அறிந்த விடையைக் குழுவிலும் தேதியுடன் பதிவு செய்தால் மற்ற விவசாயிகளும் பயன் பெறுவர்.